9999 டிசம்பர் 31 வரை

போர்டில் இருந்த 178 என்ற எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தார் பிரின்சி. கோட்டுக்கு அடியில் எண் நன்றாகவே தெரிந்தது. மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் பொடி எழுத்தில் 'காலை 9.12' என்று போட்டார். அதற்குப் பிறகுதான் கீழே 172 என்று புதிய எண்ணை எழுதினார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "டஸ்டர் எத்தாரட்டா டீச்சர்?" என்று கேட்டது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. தினமும் யாராவது ஒருவர் கேட்கும் கேள்விதான் அது, ஆனாலும் தினமும் சிரிப்பார்கள்.

அந்த அறையில் டஸ்டர் கிடையாது. தேர்வாய் கண்டிகை தொழிற்பூங்காவில், கார்களில் அதிர்வைத் தாங்க மாட்டுகிற ரப்பர் புஷ் செய்யும் ஒரு தொழிற்சாலையின் பயிற்சி அறை அது. ஸ்டோரிலிருந்து இதுவரை மூன்று டஸ்டர்கள் அனுப்பியிருக்கிறார்கள். மூன்றையும் பிரின்சி தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார். போர்டு நிரம்பி வழிந்தால் செல்போனில் படம் எடுத்து, படத்துக்குத் தேதி போட்டுச் சேமித்துக்கொண்டு, சனிக்கிழமை மாலையில் ஈரத்துணியால் தானே துடைப்பார். "போட்டோ புடிக்காம தொடச்சா அது கொல சார்" என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பே இல்லை.

வயது முப்பத்துமூன்று. தொப்பிக்குள் மடித்துச் செருகிய பின்னல், ஒரு அளவு பெரிதான பாதுகாப்பு ஷூ, டயல் உள்பக்கமாகத் திரும்பிய ஆண்பிள்ளைக் கடிகாரம். அடையாள அட்டையில் டேட்டாபேஸ் நிர்வாகி, பயிற்சியாளர் என்று இரண்டு பதவிகள் இருக்கின்றன. தொழிற்சாலையில் முந்நூறு பேருக்கும் அவர் டீச்சர்தான். ஒரே ஒருவர் மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டார். அவரைப் பற்றித்தான் இதில் அதிகம் சொல்லப் போகிறேன், பிரின்சியைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

நான் அங்கே போனது ஒரு சின்ன வேலைக்காக. புதிய டேட்டாபேஸை எப்படிப் பயன்படுத்துவது என்று, ரப்பரை வேகவைக்கும் ஓவனில் நிற்பவருக்கும் விளங்குகிற தமிழில் ஒரு கையேடு எழுதித் தரவேண்டும். மூன்று மாதம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் கம்பெனி பஸ் ஏறினேன். நான் பென்சிலில் எழுதுகிறவன். எழுதியதைவிட ரப்பரால் தேய்த்ததுதான் அதிகம் இருக்கும். முதல் நாள் என் நோட்டைப் பார்த்த பிரின்சி, அருவருப்பான எதையோ பார்த்துவிட்டது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் என் கையில் ஒரு நீல பேனாவைத் திணித்தார். அதில்தான் இதையும் எழுதுகிறேன்.

டேட்டாபேஸ் என்றால் ஏதோ கணினிக்காரர்கள் சமாச்சாரம் என்று நானும் நினைத்திருந்தேன். தொழிற்சாலையில் அதற்குப் 'பொட்டி' என்று பெயர். எந்த ஓவனுக்கு எவ்வளவு சூடு, எந்த ரப்பர் எத்தனை நிமிடம் வேகவேண்டும், எந்த ஷிஃப்டில் யார் பொறுப்பு என்று எல்லாம் அதில் வரி வரியாக இருக்கும். பழைய பொட்டியில் சூட்டை மாற்றினால் பழைய எண் போய்ப் புதிய எண் உட்கார்ந்துவிடும். போன மாதம் என்ன சூட்டில் வெந்தது என்று யாராவது கேட்டால் கைவிரிக்க வேண்டியதுதான். புதிய பொட்டி அப்படி இல்லை. அதில் பழைய வரி எங்கும் போகாது. ஒவ்வொரு வரிக்கும் 'இருந்து', 'வரை' என்று இரண்டு கட்டங்கள் உண்டு.

இதை பிரின்சி கற்றுக்கொடுத்தது வகுப்பறையில் இல்லை, கம்பெனி பஸ்ஸில். கவரைப்பேட்டையில் ஏறியதும் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்.

"இந்த சீட்ல இப்ப யாரு குந்திகினு கீறாங்க?"

"நான்தான் டீச்சர்" என்பார் பேக்கிங் பகுதி அன்புராஜ்.

"போன செவ்வாக்கெழம?"

"அதுவும் நான்தான்."

"பொய் சொல்ற நீ. அன்னிக்கி நீ லீவு. தானியேல் அண்ணன் குந்திகினு இருந்தாரு."

டிரைவர் ஜெயராஜ் கண்ணாடி வழியாக, "ஆமாம்பா, தானியேல்தான். எறங்கும்போது குடைய மறந்து வுட்டுட்டு போனாரு" என்று சாட்சி சொல்வார். உடனே பிரின்சி நிமிர்ந்துவிடுவார். "பாத்தீங்களா? சீட்டு ஒண்ணுதான். ஆனா யாரு, எப்ப இருந்து, எப்ப வரைக்கும்னு எழுதி வெக்கலன்னா அந்தக் குட யாருதுன்னு எப்டி கண்டுபுடிப்ப?" என்பார். பஸ் மொத்தமும் அந்தக் குடையை வைத்தே பாடத்தைப் புரிந்துகொண்டது. என் கையேட்டில் இதே விஷயம் மூன்று பக்கம் ஓடுகிறது. அதைப் படித்தால் நல்லா தூக்கம் வருது சார் என்று பலர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள்.

அடுத்த பாடம்தான் கொஞ்சம் கடினம். ஒரு காரியம் நடந்த நேரம் வேறு, அது பொட்டிக்குத் தெரிந்த நேரம் வேறு. பொட்டி இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கும். இதற்கு பிரின்சி கொண்டுவருகிற உதாரணம் அவர் கணவர் ஜெரால்ட், காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். "எங்க ஊட்டுக்காரரு பைக்க கீழ போட்டு கண்ணாடிய ஒடச்சது மூணாந்தேதி. எனுக்கு தெரிஞ்சது எட்டாந்தேதி. நடுவுல அஞ்சி நாளு நான் இன்னா நெனச்சிகினு இருந்தேன்? கண்ணாடி நல்லாகீதுன்னு. அது என் தப்பா? இல்ல. எனுக்கு அப்ப தெரிஞ்சது அவ்ளோதான். ரெண்டு தேதியும் வேணும். ஒரு தேதிய வெச்சிகினு சண்ட போட முடியாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டபோது ஜெரால்டிடம் இதைக் கேட்டேன். மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், எல்லார் ஊட்லயும் சண்ட வந்தா பாத்திரம் பறக்கும். எங்க ஊட்ல தேதி பறக்குது." சமையலறைச் சுவரில் ஒரு டைரி தொங்கியது. பிரியாணிக்கு உப்பு மூன்று ஸ்பூன், ஒரு கோடு, தேதி. இரண்டரை ஸ்பூன், ஒரு கோடு, தேதி. கடைசியில் இரண்டே கால். அன்றைக்குச் சாப்பிட்டது அந்த இரண்டே கால். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு பிரியாணி நான் சாப்பிட்டதில்லை.

இப்போது பச்சையப்பன். வயது ஐம்பத்தைந்து. ஓவன் மூன்றுக்குப் பதினோரு வருடமாக அவர்தான் பொறுப்பு. கதவைத் திறக்காமல், வெளியே வருகிற வாசனையை வைத்தே ரப்பர் வெந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். பஸ் போகிற வழியில்தான் அவர் ஊர். இரண்டு ஏக்கர் நெல் இன்னமும் இருக்கிறது. பிரின்சியின் அப்பா யேசுதாஸ் அந்த வயலில் கூலிக்கு அறுத்தவர். பயிற்சியின் முதல் நாள் பச்சையப்பன் வகுப்புக்குள் வந்து, "யேசுதாஸ் பொண்ணா நீ? நீயா சொல்லித்தரப் போற?" என்று கேட்டுவிட்டுக் கடைசி வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். வருகைப் பதிவில் பிரின்சி அவர் பெயருக்கு எதிரே, பத்து நிமிடம் தாமதம் என்று மட்டும் குறித்துக்கொண்டார்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, ஜனவரி பத்தொன்பது. பிரின்சி சர்ச்சுக்குப் போயிருந்தார். காலை ஷிஃப்டில் பச்சையப்பன் பொட்டியைத் திறந்து ஓவன்களின் சூட்டுப் பட்டியலைப் பார்த்தார். நாற்பத்திரண்டு வரிகள். ஒவ்வொரு வரியிலும் 'வரை' கட்டத்தில் 31-12-9999 என்று இருந்தது.

அது வேறொன்றுமில்லை. இந்தச் சூடு எதுவரைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த மாற்றம் வரும்வரை இதுதான். அந்தக் கட்டத்தைக் காலியாக விடாமல், இப்போதைக்கு முடிவில்லை என்பதற்கு அடையாளமாகப் பொட்டி போட்டுக்கொள்கிற தேதி அது. வகுப்பில் பிரின்சி இதைச் சொன்ன அன்று பச்சையப்பன் லேசாகக் கண்ணயர்ந்திருந்தார். காலை ஷிஃப்டுக்குப் பிறகான வகுப்பு, சாப்பாட்டில் வேறு கருவாட்டுக் குழம்பு.

அவர் கண்ணில் அது ஊர் சிரிக்கிற பிழையாகப் பட்டது. "ஏழாயிரம் எட்டாயிரம் வருசம் ஒரே சூட்ல ஓவன் எரியுமா? யாரோ பொறுப்பில்லாம அடிச்சி வெச்சிகீறான். ஆடிட்டுக்கு வர்றவங்க பாத்தா மானம் பூடும்" என்று பதறிப்போனார். நல்ல மனிதர்தான். டீ குடிக்கக்கூடப் போகாமல், ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே, மூன்று மணி நேரம் உட்கார்ந்து நாற்பத்திரண்டு வரிகளையும் திருத்தினார். தன் ஷிஃப்ட் மதியம் இரண்டு மணிக்கு முடிகிறது, அதுவரைக்கும்தானே தன் பொறுப்பு என்று எல்லாக் கட்டத்திலும் அன்றைய தேதியையும் மதியம் இரண்டு மணியையும் போட்டார். ஒரு வரி விடவில்லை.

சரியாக இரண்டு மணிக்கு, இனி எவ்வளவு சூடு என்று ஓவன்கள் பொட்டியைக் கேட்டன. பொட்டியிடம் பதில் இல்லை. பதினோரு ஓவன்களிலும் சிவப்பு விளக்கு எரிந்து சூடு நின்றது. ரப்பர் அரைவேக்காட்டில் கிடந்தது. ஜெரால்டின் பைக்கில் பிரின்சி ஓடிவந்தபோது சர்ச்சுக்குக் கட்டிய பட்டுப்புடவையைக்கூட மாற்றியிருக்கவில்லை. பழைய வரிகள் அழியாமல் இருந்ததால் பத்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். வீணான ரப்பரை மட்டும் திரும்பக் கொண்டுவர முடியவில்லை, அது நான்கு டிராலி. பச்சையப்பன் ஓவன் மூன்றின் பக்கத்தில் நின்றுகொண்டு, "நல்லது செய்யலாம்னுதான்மா பாத்தேன்" என்றார். புடவை முந்தானையில் கிரீஸ் அப்பியிருந்த பிரின்சி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எட்டு ஐந்துக்கு, பணியாளர் பயிற்சிப் பட்டியலில் பச்சையப்பன் பெயருக்கு எதிரே இப்படி ஏறியது: 'ஓவன் பொறுப்புக்கு ஏற்றவர் அல்ல. மறுபயிற்சியாலும் பயனிருக்காது.' பதிந்தவர், பிரின்சி.

அதைப் படித்த மேலாளர் வசந்தகுமார் இரண்டு உத்தரவு போட்டார். எல்லோரும் பயிற்சியில் தேறும்வரை ஓவன்கள் பொட்டியைக் கேட்கவேண்டாம், சூட்டைக் கையால் வைத்துவிட்டுப் பொட்டியில் தனியாகப் பதிந்தால் போதும். இது முதலாவது. மார்ச் முடிவதற்குள் பச்சையப்பன் தேறாவிட்டால் ஓவனை விட்டுவிட்டு பேக்கிங்குக்குப் போகவேண்டும். இது இரண்டாவது. பேக்கிங் என்றால் அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவது. பதினோரு வருடம் ஓவன் முன்னால் நின்ற மனிதருக்கு அதைக் கேட்டதும் சோறு இறங்கவில்லை.

அவருக்கு உத்தரவு தெரியும். அதற்குப் பின்னால் இருந்த வரி தெரியாது. எல்லாம் வசந்தகுமார் வேலை என்று நினைத்துக்கொண்டார். தினமும் பஸ்ஸில் ஏறியதும் பிரின்சிக்கு முன் சீட்டில் உட்கார்ந்து ஆரம்பிப்பார். "அந்த வசந்தகுமாரு எனுக்கு ஆப்பு வெச்சிட்டாம்மா. நேத்து வந்த பையன் அவன். ஓவன்னா இன்னான்னு தெரியுமா அவனுக்கு? எவனோ ஒருத்தன் என்னிய பத்தி ஓதி வுட்டுகீறான் பாரு." பிரின்சி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். அந்தச் சாலையில் அப்படி ஒன்றும் பார்க்க இருக்காது, லாரிகள்தான். ஆனாலும் தேர்வாய் வரும்வரை திரும்ப மாட்டார்.

ஆனால் தினமும் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் அவரைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார். ஒரு மணி நேரம், அவருக்கு மட்டும். பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. "எடப் பக்கத்துல இருந்து ஒவ்வொரு கட்டமா வாய் வுட்டு படிங்கண்ணே. இருந்து, வரை, பதிந்தவர். எத்தயும் வுடக்கூடாது." அவரும் சத்தமாகப் படிப்பார். முதல் வாரம் அவருக்கு எரிச்சல், இரண்டாவது வாரம் வீம்பு, மூன்றாவது வாரத்தில் ருசி தட்டிவிட்டது. தன் வயலில் விளைந்த வேர்க்கடலையை அவித்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். "எனுக்காக இவ்ளோ பேஜாரு படற, இந்தா துன்னு" என்பார். பிரின்சி இரண்டே கடலையை எடுத்துக்கொண்டு மிச்சத்தை என் பக்கம் தள்ளிவிடுவார். நான் நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

கையேட்டுக்காக அந்தப் பயிற்சிப் பட்டியலைப் பார்த்திருந்ததால், அந்த வரி எனக்குத் தெரியும். ஒருநாள் மெல்லக் கேட்டேன், "அதை எடுத்துவிட முடியாதா?"

"எடுக்கறதுக்கு எனுக்கே பட்டன் கெடையாது சார். நான்தான் வேணாம்னு சொன்னேன்." "அந்த வரில மொத பாதி கூட பரவால்ல. ரெண்டாவது எழுதுனேன் பாருங்க, பயன் இருக்காதுன்னு. அது கோவத்துல எழுதுனது. பட்டன் இருந்தா நெஜமாவே அமுக்கிடுவேன் சார். அதான் பயமாகீது."

மார்ச் இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை. எங்கள் புஷ்ஷை வாங்குகிற கார் கம்பெனியிலிருந்து நர்மதா என்ற தர அதிகாரி ஆடிட்டுக்கு வந்தார். பிப்ரவரி பதினான்காம் தேதி ஓவன் மூன்றில் வெந்த சரக்கில் அவருக்குச் சந்தேகம். அன்றைக்கு அந்தச் சரக்கோடு பொட்டியிலிருந்து அச்சாகிப் போன தாளில் சூடு 178 என்று இருந்தது. அவர்கள் பரிசோதனைச் சாலையில் அறுத்துப் பார்த்தபோது 172இல் வெந்ததுபோல் தெரிந்தது. 172 நல்ல சூடுதான், அவர்களே ஒப்புக்கொண்ட புதிய அளவு. ஆனால் தாள் ஒன்று சொல்லி சரக்கு ஒன்று சொன்னால் இனிமேல் எந்தத் தாளை நம்புவது? சரியான பதில் இல்லாவிட்டால் ஆர்டர் நிறுத்தம், ஓவன் மூன்று நிற்கும். இதை வந்து உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டார்.

"ஓவன்ல நிக்கிறவரையே கூப்பிடுங்க. பயிற்சி குடுத்தவங்க பேசக்கூடாது" என்றார். ஓவனின் கன்ட்ரோல் பேனலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த பச்சையப்பனைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பிரின்சி சுவரோரம் போய் நின்றார். கடிகாரத்தின் பட்டையைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார்.

"பதினாலாம் தேதி ஓவன் மூணுல எவ்வளவு சூடு?"

பச்சையப்பன் ஒற்றை விரலால் தட்டினார். நாங்கள் எல்லோரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். "நூத்தி எழுவத்தி ரெண்டு மேடம்."

நர்மதா கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். "அன்னைக்குச் சாயங்காலம் இங்கேயிருந்து வந்தது. இதுல 178னு இருக்கே?"

வசந்தகுமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த இடத்தில் நானாக இருந்தால் பிரிண்டர் மேல் பழியைப் போட்டிருப்பேன், ஒப்புக்கொள்கிறேன். பச்சையப்பன் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"இருங்க மேடம். அன்னிக்கி நடந்தது இது. அன்னிக்கி பொட்டிக்கு இன்னா தெரியும்னு தனியா பாக்கணும்" என்றார். பொட்டிக்குத் தெரிந்த தேதியைக் கேட்கிற இரண்டாவது கட்டத்தில் பிப்ரவரி பதினான்கு என்று தட்டினார். திரையில் 178 வந்தது. பிறகு அந்த வரியின் வரலாற்றைத் திறந்து, விரலை வைத்து இடமிருந்து ஒவ்வொரு கட்டமாக, வகுப்பில் படிப்பதுபோலவே சத்தமாகப் படித்தார். "சூடு நூத்தி எழுவத்தி ரெண்டு. இருந்து, பன்னண்டாந்தேதி காலைல. பதிந்த நேரம், பதினஞ்சாந்தேதி காலைல ஆறு நாப்பது. பதிந்தவர், பச்சையப்பன்."

படித்துவிட்டு எழுந்து நின்றார். "நான்தான் மேடம். பன்னண்டாந்தேதி ஓவன்ல சூட்ட மாத்தி வெச்சேன். என் தங்கச்சி பொண்ணுக்கு கண்ணாலம், அவசரத்துல பொட்டில ஏத்தாம பூட்டேன். பதினஞ்சு வந்துதான் ஏத்துனேன். நடுவுல மூணு நாளு பொட்டிக்கு பழசுதான் தெரியும். அதான் உங்க பேப்பர்ல அப்டி வந்துகீது. சரக்கு நல்ல சரக்கு. தப்பு என்து."

நர்மதா தாளையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஐந்து வாரமாக ஒத்துப்போகாத இரண்டு எண்கள் ஒத்துப்போய்விட்டன. பேனாவை மூடினார். "இதை மறைச்சிருக்கலாமே?" என்று கேட்டார்.

"எங்க மேடம் மறைக்கறது? எங்க டீச்சர் அழிக்கறதுக்கு ஒரு வழியும் வெக்கல. டஸ்டரக்கூட டிராயர்ல வெச்சி பூட்டிகினாங்க."

நர்மதா வாய்விட்டுச் சிரித்தார். அவரைப் பார்த்து வசந்தகுமார் சிரித்தார், பிறகு எல்லோரும். சுவரோரம் நின்ற பிரின்சி மட்டும் சிரிக்கவில்லை. டீச்சர் என்றும் பூட்டிகினாங்க என்றும் பச்சையப்பன் வாயிலிருந்து வந்ததை அவர் கேட்டுவிட்டார். கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

ஆர்டர் தொடரும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நர்மதா கிளம்பியதும், எல்லோரும் பயிற்சி அறையில் கூடினோம். கேன்டீனிலிருந்து டீயும் வடையும் வந்தன. "மொதல்ல பச்சையப்பனுக்கு பாஸ் போடுங்க" என்றார் வசந்தகுமார். பிரின்சி கணினியைத் திறந்தார். திரை சுவரில் பெரிதாக விழுந்தது. பயிற்சிப் பட்டியலில் பச்சையப்பன் பெயருக்கு எதிரே 'மார்ச் 31க்குள் தேறவேண்டும்' என்ற வசந்தகுமாரின் கடைசி வரி மட்டும் தெரிந்தது.

"இரும்மா, இரும்மா. என்னிய பத்தி முன்னாடி இன்னா எழுதிகீதுன்னு பாக்கணும். அந்த வரலாறு பட்டன அமுக்கு" என்றார் பச்சையப்பன். வாயில் வடை. ஒரு கண்ணால் வசந்தகுமாரைக் குறும்பாகப் பார்த்தார்.

பிரின்சியின் கை மவுஸ் மேல் அப்படியே நின்றது. நான் டீயைக் கீழே வைத்தேன். அவர் நினைத்திருந்தால் நெட்வொர்க் இல்லை என்று சொல்லியிருக்கலாம், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். மூச்சை ஒரு தடவை இழுத்துவிட்டு அமுக்கினார்.

பச்சையப்பன் சுவருக்குப் பக்கத்தில் போய், விரலை வைத்து, இடமிருந்து படித்தார். ஒரு கட்டமும் விடவில்லை. "ஓவன் பொறுப்புக்கு ஏற்றவர் அல்ல. மறுபயிற்சியாலும் பயனிருக்காது. இருந்து, ஜனவரி இருவது, காலை எட்டு அஞ்சு. பதிந்தவர்..." அங்கே நின்றார். வசந்தகுமாரைப் பார்த்தார். பிரின்சியைப் பார்த்தார்.

"நான் எழுதுனதுண்ணே" என்றார் பிரின்சி. "கோவத்துல எழுதிட்டேன். அது தப்பு. அழிக்க முடியாது."

"ரெண்டு மாசமா பஸ்ல இந்த மனுசன திட்டிகினு வந்தனே, கம்முனு ஜன்னல பாத்துகினு வந்தியே நீ!"

"ஆமாண்ணே."

"என் கடலையும் துன்ன."

"ரெண்டு ரெண்டுதாண்ணே துன்னேன். மிச்சம் சார் துன்னாரு."

பச்சையப்பன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், வடைத் துணுக்கு தெறித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, அன்புராஜின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. "இன்னாத்துக்கு அழிக்கணும்? கெடக்கட்டும். என்து நாப்பத்திரெண்டு வரி தப்பு கெடக்குது, டீச்சர்து ஒரு வரி கெடக்கட்டும்!" என்றார். பிறகு வசந்தகுமார் பக்கம் திரும்பி, "சார், உங்கள திட்டுனத மட்டும் எதுலயும் ஏத்த வேணாம்" என்றார். வசந்தகுமார், "டிரைவர் ஜெயராஜ் எல்லாத்தையும் ஏற்கெனவே சொல்லிட்டார்" என்றார்.

பிரின்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து புதிய வரியைத் திறந்தார். 'தேறினார். ஓவன் மூன்று, பொறுப்பாளர்.' மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, 'இருந்து' கட்டத்தில் அன்றைய தேதியையும் பதினொன்று ஐம்பத்திரண்டையும் போட்டார். அடுத்தது 'வரை'. எதுவும் எழுதாத அந்தக் கட்டத்தில் கோடு ஒன்று விட்டுவிட்டு மினுங்கியது. பிரின்சி 31 என்று அடித்தார், 12 என்று அடித்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, கீபோர்டை அப்படியே பச்சையப்பன் பக்கம் தள்ளினார்.

அவர் வடை எண்ணெயைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். ஆள்காட்டி விரலால் ஒன்பதைத் தேடிப் பிடித்து, நான்கு முறை அழுத்தினார்.